விண்ணில் அண்மைக்கால விந்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த கால் நூற்றாண்டில் வானியல் கண்டறிந்தவற்றுள் சில, அவற்றை முதலில் கண்ட ஆய்வாளர்களையே திகைக்க வைத்தவை. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடும் வானொலி வெடிப்புகள், வேறொரு விண்மீனின் குடும்பத்தில் பிறந்து நம் சூரியனைக் கடந்து செல்லும் பொருள்கள், இருக்கவே கூடாத தொலைவில் நிலைத்திருக்கும் வளையம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவற்றைப் பற்றி மீண்டும் மீண்டும் எழுப்பப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஒரு விந்தை எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விந்தையை மட்டும் சொல்வது வாசகருக்குச் செய்யும் அநீதி என்று நான் உறுதியாகக் கருதுவதால், சில விடைகள் நீண்டே அமைந்துள்ளன.

விளங்காத பதிவு ஒன்று கிடைத்தால் வானியலாளர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்?

தங்கள் கருவியைச் சந்தேகிக்கிறார்கள். இதற்கு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் நடந்ததைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 64 மீட்டர் விட்டமுள்ள அந்தத் தொலைநோக்கி, 1998 முதல் அவ்வப்போது சில குறுகிய துடிப்புகளைப் பதிவு செய்துவந்தது. அவை தொலைதூர விண்ணிலிருந்து வரும் குறிப்பலைகளை ஒத்திருந்தன. ஆனால் பெரும்பாலும் வேலை நாட்களில், பகல் நேரத்தில் மட்டுமே தோன்றின. 2015-இல் புதிதாகப் பொருத்தப்பட்ட இடையூறு கண்காணிப்புக் கருவி, அதே கணங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளும் வெளிப்படுவதைக் காட்டிக்கொடுத்தது. ஆய்வகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ கதவைத் திறந்ததுதான் காரணம். பதினேழு ஆண்டுகள் நீடித்த ஒரு புதிர் அத்துடன் முடிந்தது.

இதற்கு நேர்மாறான முடிவும் உண்டு. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், பதிவுத் தாளில் ஏறத்தாழ 1.3 நொடிக்கு ஒருமுறை தவறாமல் வரும் துடிப்பொன்றைக் கண்டார். கருவிக் கோளாறு இல்லை என்பது உறுதியானபின், வேற்றுலக உயிர்கள் அனுப்பும் செய்தியோ என்ற எண்ணம்கூட எழுந்தது. வானத்தின் வேறொரு பகுதியிலிருந்தும் அதே வகைத் துடிப்பு கிடைத்தபோது அந்த எண்ணம் கைவிடப்பட்டது. அவை சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் (பெருவிண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த எச்சங்கள்), அதாவது பல்சார்கள் என்று நிறுவப்பட்டன. முதலாவது பதிவு சமையலறையில் முடிந்தது, இரண்டாவது வானியலில் ஒரு புதிய துறையையே திறந்தது. இரண்டும் தொடங்கும்போது ஒன்றுபோலவே இருந்தன என்பதை மறக்கக் கூடாது.

வேக வானொலி வெடிப்புகள் என்பவை யாவை?

ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நீடித்து மறையும் மிகக் கடுமையான வானொலி வெடிப்புகள் இவை. முதலாவது வெடிப்பு 2001-இல் பார்க்ஸ் தொலைநோக்கியில் பதிவாகி, எவர் கண்ணிலும் படாமல் சேமிப்பில் கிடந்தது. டங்கன் லோரிமரும் அவருடைய குழுவினரும் பழைய தரவுகளைப் பல்சார்களுக்காகச் சலித்தபோது அது அகப்பட்டது, 2007-இல் அறிவிக்கப்பட்டது.

அது வெகு தொலைவிலிருந்து வந்தது என்பதை அதன் உருவமே சொன்னது. வெற்றிடத்தில் எல்லா அதிர்வெண் அலைகளும் ஒரே வேகத்தில் செல்லும். வழியில் அணுக்களிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் இருந்தால், குறைந்த அதிர்வெண் அலைகள் சற்றுப் பின்தங்கி வந்து சேரும். இந்தப் பின்தங்கல் எவ்வளவு என்று அளந்தால், வழியில் எத்தனை எலக்ட்ரான்களை அலை கடந்திருக்கிறது என்று கணக்கிடலாம். நம் பால்வெளி மண்டலத்தில் அந்தத் திசையில் உள்ள எலக்ட்ரான்கள் அனைத்தையும் கூட்டினாலும் லோரிமர் கண்ட பின்தங்கலை விளக்க முடியவில்லை. எனவே வெடிப்பு பால்வெளிக்கு வெளியே நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். மைக்ரோவேவ் அடுப்பு எழுப்பிய குழப்பத்தால் இந்த முடிவையும் பலர் பல ஆண்டுகள் ஐயத்துடனேயே நோக்கினார்கள். அந்த ஐயம் நியாயமானதே.

ஐயம் நீங்கியது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அமைந்த சைம் போன்ற தொலைநோக்கிகளால். அசையும் பாகம் எதுவும் இல்லாத நான்கு அரை உருளை வடிவப் பிரதிபலிப்பான்கள் அங்கே தரையில் கிடக்கின்றன. பூமி சுழலச் சுழல வானம் அவற்றின் மேலாகக் கடந்து செல்கிறது. 2021-இல் அந்தக் குழு வெளியிட்ட முதல் பட்டியலிலேயே 500-க்கும் மேற்பட்ட வெடிப்புகள் இடம்பெற்றன.

இந்த வெடிப்புகளை எது உண்டாக்குகிறது?

பெரும்பாலானவற்றுக்கு மேக்னட்டார் எனப்படும் நியூட்ரான் விண்மீன்களே காரணம் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் சூரியனைவிட அதிகப் பொருண்மை அடைபட்டு, பூமியின் காந்தப்புலத்தைப் போல் நூறு லட்சம் கோடி மடங்குக்கும் மேற்பட்ட காந்தப்புலத்தைக் கொண்டிருப்பவை அவை. 2020 ஏப்ரல் 28 அன்று நம் பால்வெளிக்குள்ளேயே இருக்கும் ஒரு மேக்னட்டாரிலிருந்து வானொலி வெடிப்பொன்று வந்தது. அதே கணத்தில் எக்ஸ் கதிர் வெடிப்பையும் விண்வெளித் தொலைநோக்கிகள் பதிவு செய்தன. அதுவரை பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் மட்டுமே காணப்பட்ட ஒரு நிகழ்வு, அண்டை வீட்டில் நடந்ததுபோல் அருகே நிகழ்ந்து தன் மூலத்தைக் காட்டியது.

ஆயினும் கதை முடியவில்லை. சில மூலங்கள் மீண்டும் மீண்டும் வெடிக்கின்றன. மற்றவை ஒருமுறை மட்டுமே வெடித்ததாகத் தெரிகிறது. மீண்டும் வெடிக்கும் ஒரு மூலம் ஏறத்தாழ 16 நாட்களுக்கு ஒருமுறை விழித்து, சில நாட்கள் வெடித்துவிட்டு ஓய்கிறது. எம்81 என்ற அண்டத்தை (நம் பால்வெளியைப் போன்ற விண்மீன் பெருங்கூட்டத்தை) ஒட்டி, சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் கண்டறியப்பட்ட மூலமொன்று, கோளக விண்மீன் கொத்து ஒன்றுக்குள் இருக்கிறது. அத்தகைய கொத்துகளில் இருப்பவை மிகப் பழைய விண்மீன்கள். மேக்னட்டார்களோ பெருவிண்மீன்கள் வெடித்தபின் சில ஆயிரம் ஆண்டுகளே தங்கள் ஆற்றலைத் தக்கவைப்பவை. பெருவிண்மீன்கள் அந்தக் கொத்தில் எப்போதோ மறைந்துவிட்டன. இரண்டு வெண்குள்ளர்கள் (சூரியன் போன்ற விண்மீன்கள் எரிந்து முடிந்தபின் எஞ்சுபவை) இணைந்தோ வேறு வழியிலோ அங்கே இளைய மேக்னட்டார் ஒன்று உருவாகியிருக்க வேண்டும். நியூட்ரான் விண்மீன் பிறப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு என்பதை இந்த ஒரே மூலம் நமக்கு அழுத்தமாகச் சொல்கிறது.

இவற்றால் நமக்கு என்ன தெரியவந்தது?

என் கருத்தில், இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே மிக முக்கியமானது இதுதான். பிரபஞ்சத்தில் எவ்வளவு சாதாரணப் பொருள் இருக்க வேண்டும் என்பதைப் பெருவெடிப்பின் எச்சக் கதிர்வீச்சிலிருந்து துல்லியமாகக் கணக்கிட முடியும். ஆனால் விண்மீன்கள், வாயு மேகங்கள், அண்டங்கள் என்று கண்ணுக்குப் புலப்படுவதையெல்லாம் கூட்டினால், அந்தக் கணக்கில் பெரும் பகுதி காணாமல் போயிருந்தது. இங்கே பேசப்படுவது, ஈர்ப்பால் மட்டுமே உணரப்படும், இன்னதென்று தெரியாத கரும்பொருள் அன்று. நம் உடலையும் நீரையும் ஆக்கியிருக்கும் அதே வகைப் பொருள்.

அண்டங்களுக்கு இடைப்பட்ட வெளியில் அது மிக மெல்லிய வெப்ப வாயுவாகப் பரவியிருக்கும் என்று கருதப்பட்டாலும், அதை நேரில் அளக்க வழியில்லாமல் இருந்தது. வேக வானொலி வெடிப்புகள் அந்த வழியைத் திறந்தன. எந்த அண்டத்திலிருந்து வெடிப்பு வந்தது என்று கண்டுபிடித்தால் தொலைவு தெரியும். அலைகளின் பின்தங்கலிலிருந்து வழியில் இருந்த எலக்ட்ரான்களின் அளவு தெரியும். இரண்டையும் சேர்த்தால் வெளியின் அடர்த்தி கிடைத்துவிடும். ஆஸ்திரேலியாவில் ழான்-பியர் மக்கார்ட் தலைமையிலான குழு 2020 மே மாதம் வெளியிட்ட ஆய்வு, ஒரு கைப்பிடி வெடிப்புகளைக் கொண்டே காணாமல் போன பொருளுக்குக் கணக்குக் காட்டியது. அடுத்த சில நாட்களிலேயே அவர் காலமானார். 2025-இல் அறுபதுக்கும் மேற்பட்ட வெடிப்புகளைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வு, சாதாரணப் பொருளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அண்டங்களுக்கு இடைப்பட்ட வெளியில்தான் இருக்கிறது என்று காட்டியது. நாம் இதுவரை வானில் பார்த்துப் பெயரிட்டவை எல்லாம் எஞ்சிய சிறு பங்கிற்குள் அடங்கிவிடுகின்றன.

சில மூலங்கள் மிக மெதுவாகத் துடிப்பதாகச் சொல்கிறார்களே, அது என்ன?

2018-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் தொலைநோக்கி திரட்டிய தரவுகளில், 18 நிமிடங்களுக்கு ஒருமுறை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஒளிரும் வானொலி மூலம் ஒன்று பின்னர் கண்டறியப்பட்டு, 2022-இல் அறிவிக்கப்பட்டது. நியூட்ரான் விண்மீன் ஒன்று இவ்வளவு மெதுவாகச் சுழன்றால் வானொலி அலைகளை வெளியிடும் திறனை எப்போதோ இழந்திருக்க வேண்டும் என்பதுதான் அதுவரை இருந்த கோட்பாடு. பிறகு இத்தகைய வேறு மூலங்களும் கிடைத்தன. அவற்றுள் ஒன்று 44 நிமிடத்திற்கு ஒருமுறை வானொலி அலைகளையும் எக்ஸ் கதிர்களையும் சேர்த்தே வெளியிடுகிறது.

சுமார் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை துடிக்கும் மற்றொன்றின் புதிர் மட்டும் 2025-இல் பெருமளவு விடுபட்டது. ஏறத்தாழ 1,600 ஒளியாண்டுத் தொலைவில், சிறிய, மங்கலான ஒரு செங்குள்ள விண்மீனும் ஒரு வெண்குள்ள விண்மீனும் ஒன்றையொன்று நெருங்கிச் சுற்றுகின்றன. அவற்றின் காந்தப்புலங்கள் உரசும்போது துடிப்பு எழுகிறது. அங்கே நியூட்ரான் விண்மீனே இல்லை. எல்லா மெதுவான துடிப்புகளுக்கும் இதுவே விடை என்று சொல்லிவிட முடியாது. 44 நிமிட மூலம் இந்த விளக்கத்திற்குள் எளிதில் அடங்கவில்லை.

வேறு விண்மீன்களிலிருந்து வரும் பொருள்கள் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

பாதையின் வடிவத்தைக் கொண்டுதான். சூரியனின் ஈர்ப்பில் கட்டுண்ட பொருள் நீள்வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டுப்படாத வேகத்துடன் வருவது, சூரியனை ஒருமுறை வளைந்து கடந்துவிட்டுத் திரும்பி வராமல் போகும். எவ்வளவு கட்டுப்படாமல் இருக்கிறது என்பதை மையப்பிறழ்வு என்ற எண் காட்டும். அது 1-ஐத் தாண்டினால் பாதை திறந்தது. இதுவரை உறுதிசெய்யப்பட்டவற்றுள் முதலாவதான ஓமுவாமுவாவுக்கு அது 1.2, இரண்டாவதான போரிசோவுக்கு 3.4, மூன்றாவதான அட்லஸுக்கு 6-க்கும் மேல். மூன்றாவது பொருள் நொடிக்கு ஏறத்தாழ 58 கிலோமீட்டர் வேகத்தில் சூரியக் குடும்பத்திற்குள் நுழைந்தது. எந்தக் கோளின் ஈர்ப்பும் நம் குடும்பத்துப் பொருளொன்றை அந்த வேகத்தில் உள்நோக்கி எறிந்திருக்க முடியாது.

ஓமுவாமுவா வேற்றுலகவாசிகளின் கலமா?

அப்படிக் கருதுவதற்குச் சான்று இல்லை. ஆனால் அது உண்மையிலேயே விசித்திரமானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2017 அக்டோபர் 19 அன்று ஹவாயில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியால் கண்டறியப்பட்டபோது அது சூரியனைக் கடந்து வெளியேறிக்கொண்டிருந்தது. அதன் ஒளி சில மணி நேரத்திற்குள் பத்து மடங்கு ஏறி இறங்கியது. எனவே அது மிக நீண்டதாகவோ மிகத் தட்டையாகவோ இருக்க வேண்டும். வாலோ தூசியோ தென்படவில்லை. அப்படியிருந்தும், சூரிய ஈர்ப்பு மட்டும் செயல்பட்டால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து அது சிறிது விலகிச் சென்றது. ஏதோ ஒன்று அதை மெல்லத் தள்ளியிருக்கிறது.

வால்மீன்களில் இத்தகைய தள்ளுதல் இயல்பே: சூரிய வெப்பத்தில் பனி ஆவியாகி வெளியேறும்போது எதிர்த்திசையில் உந்தும். ஓமுவாமுவாவில் அந்த வாயு காணப்படாததுதான் சிக்கல். 2023-இல் முன்வைக்கப்பட்ட ஒரு விளக்கம் எனக்கு நிறைவளிக்கிறது. விண்மீன்களுக்கிடையே நெடுங்காலம் பயணிக்கும்போது விண்கதிர்கள் தாக்கி நீர்ப்பனிக்குள் ஹைட்ரஜன் வாயு உருவாகி அடைபட்டிருக்கும். சூரியனை நெருங்கிப் பனி வெதுவெதுப்பானதும் அது வெளியேறும். ஹைட்ரஜனை நம் தொலைநோக்கிகள் எளிதில் கண்டிருக்க மாட்டா, தூசியும் எழாது. நைட்ரஜன் பனித்துண்டு என்ற மாற்று விளக்கமும் உண்டு. பொருள் இப்போது எட்டாத் தொலைவுக்குப் போய்விட்டதால் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அதனிடமிருந்து புதிய சான்று கிடைக்காது.

மூன்றாவது பொருளான அட்லஸ் எதைக் காட்டியது?

2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டது. அக்டோபர் இறுதியில், செவ்வாயின் சுற்றுப்பாதைக்குச் சற்று உட்புறமாகச் சூரியனை நெருங்கியது. டிசம்பர் 19 அன்று பூமியை 27 கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டதால், ஓமுவாமுவாவுக்குக் கிடைக்காத நெடிய கண்காணிப்பு இதற்குக் கிடைத்தது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி ஆகஸ்டில் எடுத்த நிறமாலையில், அதைச் சூழ்ந்த வாயுவில் நீராவியைவிடக் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ எட்டு மடங்கு இருந்தது. நம் குடும்பத்து வால்மீன்களில் அத்தகைய விகிதம் மிக அரிது. தன் தாய் விண்மீனிலிருந்து வெகு தொலைவில், கடுங்குளிரில் அது உருவாகியிருக்கலாம். அல்லது நெடுங்காலக் கதிர்வீச்சால் அதன் மேற்புறம் மாறியிருக்கலாம். வேற்றுலகக் கலம் என்ற பேச்சு இதைப் பற்றியும் பரவலாக எழுந்தது. தூசியும் வாயுவும் வாலும் உடைய, வால்மீன் நடந்துகொள்வதுபோலவே நடந்துகொண்ட ஒரு பொருளைப் பற்றி அப்படிப் பேசியது, அந்தக் கார்பன் டை ஆக்சைடின் கதையைப் பலர் கேட்காமல் போகச் செய்துவிட்டது என்பதே எனக்கு வருத்தம்.

ஜேம்ஸ் வெப் கண்டவை பெருவெடிப்புக் கோட்பாட்டைப் பொய்யாக்கிவிட்டனவா?

இல்லை. அது ஐயத்துக்கு உள்ளாக்கியது, முதல் அண்டங்கள் எவ்வளவு விரைவில் உருவாயின என்பதைப் பற்றிய நம் மதிப்பீட்டை. 2024-இல் அறிவிக்கப்பட்ட ஓர் அண்டத்தின் ஒளி, பிரபஞ்சம் பிறந்து ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளே ஆனபோது புறப்பட்டது. அது எதிர்பார்த்ததைவிட மிகப் பிரகாசமாக இருந்தது. 2025-இல் சிலியின் ஆல்மா தொலைநோக்கிகள் அதே அண்டத்தில் ஆக்சிஜனைக் கண்டன. ஆக்சிஜன் விண்மீன்களுக்குள்தான் உருவாகும். விண்மீன்கள் மடியும்போதுதான் வெளியே சிதறும். ஆகவே அந்த வயதிலேயே அங்கே ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து மடிந்திருக்கின்றன.

'சிறு சிவப்புப் புள்ளிகள்' என்பவை எவை?

வெப் எடுத்த ஆழ்வானப் படங்களில் எதிர்பாராமல் ஏராளமாகத் தென்பட்ட, மிகச் சிறிய, செந்நிறமான பொருள்கள். பெரும்பாலும் பிரபஞ்சத்தின் வயது 60 கோடி முதல் 150 கோடி ஆண்டுகளுக்குள் இருந்த காலத்தைச் சேர்ந்தவை. பிற்காலத்தில் மிக அரிதாகிவிடுகின்றன. ஒரு வகைப் பொருள் திரளாகத் தோன்றி, பிறகு ஏறக்குறைய முற்றிலும் மறைந்துபோவது வானியலில் அடிக்கடி நிகழ்வதன்று.

முதலில் இவற்றை விண்மீன்கள் செறிந்த அண்டங்கள் என்று எடுத்துக்கொண்டபோது, கணக்கு இடித்தது: அவ்வளவு குறைந்த காலத்தில் அவ்வளவு விண்மீன்கள் உருவாகியிருக்கவே முடியாது. நிறமாலைகள் கிடைத்தபோது, நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுழலும் வாயுவின் அடையாளம் பலவற்றில் தெரிந்தது. அது கருந்துளையின் அடையாளம். அப்படியானால் எக்ஸ் கதிர்கள் வர வேண்டும். அவையும் பெரும்பாலும் வரவில்லை. இப்போது வலுப்பெற்று வரும் விளக்கம், வளர்ந்துவரும் கருந்துளை ஒன்றை மிக அடர்ந்த ஹைட்ரஜன் வாயு எல்லாப் பக்கமும் மூடியிருக்கிறது என்பது. உள்ளே எழும் கடும் கதிர்களை அந்தப் போர்வை விழுங்கி, வெளியே ஒரு மாபெரும் குளிர்ந்த விண்மீனின் மேற்பரப்பைப் போல் சிவந்து ஒளிர்கிறது.

இது சரியென்றால், நெடுநாள் கேள்வி ஒன்றுக்கு விடை நெருங்குகிறது. இன்று ஏறத்தாழ எல்லாப் பெரிய அண்டங்களின் நடுவிலும் பல லட்சம் முதல் பல நூறு கோடி சூரியப் பொருண்மையுள்ள கருந்துளைகள் இருக்கின்றன. எம்87 அண்டத்தின் நடுவில் உள்ளதன் பொருண்மை மட்டுமே சூரியனைப் போல் 650 கோடி மடங்கு. அதன் நிழலைத்தான் 2019-இல் படமாகப் பார்த்தோம். அவை இவ்வளவு பருத்தது எப்படி என்பதை எவரும் நேரில் கண்டதில்லை. சிறு சிவப்புப் புள்ளிகள் அவற்றின் குழந்தைப் பருவமாக இருக்கலாம். நான் 'இருக்கலாம்' என்று எழுதுவது தயக்கத்தால் அன்று. இந்தத் துறையில் விளக்கம் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்கிறது.

ஈர்ப்பலைகள் காட்டிய விந்தை என்ன?

உருவாகக் கூடாத கருந்துளைகள். ஈர்ப்பலைகள் என்பவை, பெரும் பொருண்மைகள் மோதும்போது வெளியில் பரவும் அதிர்வுகள். ஏறத்தாழ 60 முதல் 130 சூரியப் பொருண்மை வரையிலான கருந்துளையை ஒற்றை விண்மீனின் மரணம் விட்டுச்செல்லாது என்று கோட்பாடு சொல்கிறது. அத்தகைய விண்மீன்கள் எச்சமே இல்லாமல் சிதறிவிடும், அல்லது பொருண்மையை முன்னதாகவே இழந்துவிடும். ஆனால் 2023 நவம்பர் 23 அன்று அமெரிக்காவின் இரண்டு லைகோ ஆய்வகங்களும் பதிவு செய்த அலை, ஏறத்தாழ 100-உம் 140-உம் சூரியப் பொருண்மையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதி, 225 சூரியப் பொருண்மையுள்ள ஒன்றானதைக் காட்டியது. இரண்டும் மிக வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தன. முந்தைய மோதல்களில் பிறந்த கருந்துளைகளே மீண்டும் மோதியிருக்கின்றன என்பது இதற்கு இயல்பான விளக்கம்.

சூரியக் குடும்பத்திற்குள்ளேயே இப்படி ஏதேனும் உண்டா?

குவாவர் என்ற குறுங்கோளின் வளையம். நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும், ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் விட்டமுள்ள அந்தப் பொருளைச் சுற்றி ஒரு வளையம் இருப்பது 2023-இல் அறிவிக்கப்பட்டது. குவாவரின் மையத்திலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டருக்குள் மட்டுமே வளையம் நிலைக்க வேண்டும். அதற்கு வெளியே உள்ள துகள்கள் தங்களுக்குள் ஈர்த்து, சில பத்தாண்டுகளில் நிலவாகத் திரண்டுவிட வேண்டும். இந்த வளையமோ 4,100 கிலோமீட்டரில் இருக்கிறது. அந்தக் குளிரில் பனித்துகள்கள் ஒட்டாமல் ஒன்றின்மேல் ஒன்று மோதித் தெறிக்கின்றன என்பது ஒரு விளக்கம். குவாவரின் சுழற்சியும் நிலவும் அவற்றைத் திரளவிடாமல் செய்கின்றன என்பது மற்றொன்று. வளையங்களைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டு முதல் பாடநூல்களில் இருந்துவரும் ஒரு விதி, இந்தச் சிறு பொருளால் மீண்டும் ஆராயப்படுகிறது.

வேற்றுலக உயிர்களுக்குச் சான்று கிடைத்துவிட்டதாக வரும் செய்திகளை நம்பலாமா?

இதுவரை எதையும் அப்படி நம்புவதற்கில்லை. 124 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோளின் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்பைடு இருக்கக்கூடும் என்று கேம்பிரிட்ஜ் குழு ஒன்று 2025 ஏப்ரலில் அறிவித்தது. பூமியில் அதைக் கடல் நுண்ணுயிர்களே பெரும்பாலும் உண்டாக்குகின்றன. ஆனால் அறிவிப்பின் புள்ளியியல் வலு, கண்டுபிடிப்பு என்று அழைக்கத் தேவையான அளவுக்கு மிகக் குறைவு. அதே தரவுகளை வேறு குழுக்கள் ஆராய்ந்தபோது அந்த வாயு தெளிவாகத் தெரியவில்லை. மேலும், உயிரே இல்லாத 67பி என்ற வால்மீனிலும் அந்த வாயு இருந்திருக்கிறது.

இதைவிடப் பென்னு சிறுகோளின் மண் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாசாவின் கலம் 2023 செப்டம்பரில் அங்கிருந்து 121.6 கிராம் மண்ணைக் கொண்டுவந்து சேர்த்தது. அதில் பூமியின் உயிர்கள் புரதம் ஆக்கப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14-உம், மரபணுவின் எழுத்துகளாகிய ஐந்து மூலக்கூறுகளும், உப்புநீர் வற்றியபின் படிந்த உப்புகளும் இருந்தன. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் இரண்டு அமினோ அமில வடிவங்களுள், பூமியின் உயிர்கள் இடக்கை வடிவத்தை மட்டுமே கையாளுகின்றன; பென்னுவில் இரண்டு வடிவங்களும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. உயிர் அங்கே இல்லை. உயிருக்கு வேண்டிய பொருள்கள் உயிரின் துணையின்றியே உருவாகும் என்பதும், இடக்கை வடிவத்தை நோக்கிய சாய்வு விண்ணிலிருந்து வந்திருக்கும் என்ற கருத்துக்கு ஆதரவு குறைகிறது என்பதும் கைக்குள் அடங்கும் மண்ணிலிருந்து தெரியவந்தன.

கரும் ஆற்றல் குறைந்து வருகிறதா?

அப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. அரிசோனாவில் 5,000 ஒளியிழைகளை இயந்திரக் கைகளால் நகர்த்தி அண்டங்களின் தொலைவை அளக்கும் டெசி என்ற கருவி, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி அண்டங்களையும் குவேசார்களையும் (நடுவில் உள்ள கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் அண்ட மையங்களையும்) வரைபடமாக்கி, பிரபஞ்ச விரிவை விரைவுபடுத்தும் ஆற்றல் காலப்போக்கில் தளர்ந்திருக்கலாம் என்று 2025 மார்ச்சில் காட்டியது. சேர்த்துப் பார்க்கும் பிற தரவுகளைப் பொறுத்து இதன் வலு மாறுகிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் எல்லையை எட்டவில்லை. உறுதியானால், பிரபஞ்சத்தின் எதிர்காலத்தைப் பற்றிய கணக்குகளைத் திருத்த வேண்டும்.

பெரிய கருவிகள் இல்லாதவர்கள் இதில் பங்கேற்க முடியுமா?

முடியும், ஏற்கெனவே பங்கேற்றிருக்கிறார்கள். போரிசோவ் வால்மீனை 2019-இல் கண்டவர், தானே கட்டிய 0.65 மீட்டர் தொலைநோக்கியால் அதைக் கண்டார். ஒளி 22 விழுக்காடு வரை ஒழுங்கின்றிக் குறைந்து, வேற்றுலகக் கட்டுமானமோ என்று பேசப்பட்ட டேபி விண்மீனின் நடத்தையைக் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளில் முதலில் கவனித்தவர்கள் தன்னார்வலர்களே. பின்னர் அது தூசியால் என்று தெரிந்தது. குவாவரின் வளையத்தை உறுதிசெய்த தரவுகளில், தொலைதூர விண்மீன் ஒன்றை அது மறைத்த கணங்களை ஆஸ்திரேலியாவின் பொழுதுபோக்கு வானியலாளர்கள் பதிவு செய்தவையும் அடங்கும்.

வெறும் கண்ணே போதுமான வேலையும் உண்டு. ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள திருவாதிரை 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் கண்கூடாக மங்கியது. அது வெடிக்கப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்தது என்று பின்னர் நிறுவப்பட்டது. அந்த விண்மீனின் ஒளியை நூறாண்டுக்கும் மேலாக ஆர்வலர்கள் குறித்துவைத்த பதிவுகளில், ஏறத்தாழ ஆறாண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒழுங்கொன்றும் இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத துணை விண்மீன் ஒன்று அதைச் சுற்றுவதே இதற்குக் காரணம் என்று 2024-இல் கணிக்கப்பட்டது. 2025-இல் ஹவாயின் ஜெமினி தொலைநோக்கியில் அது மங்கலாகத் தென்பட்டதாக அறிவிக்கப்பட்டது. திருவாதிரையின் பிரகாசத்திலிருந்து அந்தத் துணை மீண்டும் போதிய தூரம் விலகித் தெரிவது 2027 நவம்பரில். அப்போது அதை மீண்டும் நேரில் காண வாய்ப்புக் கிடைக்கும்.